கொரிய நாடகமும் தமிழ்ப் பாடப்பொருள்தான்

மாணவர்களுக்குப் பிடித்ததை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள் என்றால், சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களான நாம் உடனே ஒரு சினிமாப் பாட்டைத் தேடுகிறோம். அதுவும் நமக்குப் பிடித்த பாட்டை. உயர்நிலை 1 மாணவருக்கு வயது 13. நாம் கல்லூரியில் முணுமுணுத்த பாட்டு அவருக்குத் தாத்தா காலத்துச் சமாசாரம். தலையாட்டிக் கேட்பார், அது நம்மேல் உள்ள மரியாதை, அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3 விழுக்காடு. ஆங்கிலமோ 48.3 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. ஒரே வகுப்பில் தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்த பிள்ளையும் இருக்கும், பாட்டியிடம் மட்டும் தமிழ் பேசும் பிள்ளையும் இருக்கும். முதல் பிள்ளைக்கு நடிகரின் பெயரைச் சொன்னாலே உற்சாகம். இரண்டாவது பிள்ளைக்குத் தமிழ் சினிமாவே வெளிநாட்டுப் படம். அது பார்ப்பது கொரிய நாடகம், ஜப்பானிய அனிமே, பிரிமியர் லீக் காற்பந்து.

சரி, அதையே எடுத்துக்கொள்வோமே. பார்க்கும் பொருள் தமிழாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதைப் பற்றிய பேச்சு தமிழில் நடந்தால் போதும்.

எனக்கு அதிகம் பலன் தந்தது காற்பந்துதான். கோல் விழும் ஒரு காட்சி, ஒரு நிமிடத்துக்குள். ஒலியை அணைத்துவிட்டு, இருவர் இருவராக நேரடி வர்ணனை செய்யச் சொல்வேன். முதல் சுற்றில் ‘பந்து, பந்து, கோல்!’ என்பதற்கு மேல் எதுவும் வராது. அப்புறம் தமிழ் முரசு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கையில் கொடுத்தால் தற்காப்பு ஆட்டக்காரர், கோல்காப்பாளர் என்று அவர்களே பொறுக்கி எடுப்பார்கள். அப்போதுதான் அந்தச் சொற்கள் அவர்களுக்குத் தேவைப்படுகின்றன. முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிப்போட்டால் யாரும் சீண்டமாட்டார்கள். இரண்டாம் சுற்றில் ‘வேகமா வர்றாரு, வெட்டித் திருப்புறாரு, உதைச்சிட்டாரு’ என்று வினைச்சொற்கள் வரிசைகட்டும். யோசிக்க நேரமில்லாததால் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழாக்குவதும் குறைகிறது. மறுநாள் அதே காட்சியைச் செய்தியாக எழுத வேண்டும். ‘உதைச்சிட்டாரு’ இப்போது ‘உதைத்தார்’ ஆகிவிடும். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் எங்கே பிரிகின்றன என்று இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

காற்பந்து பிடிக்காதவர்களுக்குக் கொரிய நாடகம். ஒலியை அணைத்த காட்சிக்கு வசனம் எழுதிப் பேச வேண்டும். மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொள்ளும் காட்சி கிடைத்தால் வகுப்பே களைகட்டும். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாடுவதற்கும் இது நல்ல பழக்கம். ஆனால் அதை மாணவர்களிடம் சொல்லாதீர்கள். தேர்வு என்றதும் முகம் மாறிவிடும்.

தொழில்நுட்பம் என்று வரும்போது, நாம் ஏதோ புதிதாகத் தொடங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கியதும், இணையத்தில் தமிழைப் பற்றிய தமிழ்நெட் 97 கருத்தரங்கு நடந்ததும் இந்தச் சிங்கப்பூரில்தான். இன்று உயர்நிலைப்பள்ளியில் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு கற்றல் சாதனம் இருக்கிறது. அதில் வினாடி வினாச் செயலியைத் திறந்து நான்கு விடைகளில் ஒன்றைத் தொடவைப்பதோடு நின்றுவிடுகிறோம். கலகலப்பு இருக்கும், ஆனால் ஒரு வாக்கியம்கூட யார் வாயிலிருந்தும் வந்திருக்காது.

அதற்குப் பதில் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்திப் பாருங்கள். மாணவர் தன் வர்ணனையைப் பேசுவார், சாதனம் எழுதிக் காட்டும். பிழைகள் கொட்டிக் கிடக்கும். தவறு சாதனத்துடையதா, தன் நாக்குடையதா என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும். கட்டுரையில் ல, ள, ழ திருத்தங்களைச் சிவப்பு மையில் பார்த்துச் சலித்த மாணவர்கூட, இயந்திரம் செய்த பிழை என்றால் விடாமல் துரத்துவார். இதை வைத்து மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். நம் பிள்ளைகள் நடுநடுவே ஆங்கிலம் கலந்து பேசும் பேச்சைப் பல நேரம் சாதனம் சரியாகப் பிடிப்பதில்லை.

தமிழ்ப் படத்தைக் காட்டுவதென்றால் தணிக்கைத் தகுதியை முதலில் பாருங்கள். என்சி16 (16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பார்க்கக்கூடாத) படத்தின் காட்சி, இணையத்தில் துண்டாகக் கிடைக்கிறது என்பதற்காக 13 வயதுப் பிள்ளைக்கு ஏற்றதாகிவிடாது. வேண்டாம் என்ற பெண்ணை விடாமல் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டும் காட்சிகளும் ஏராளம். அதைக் காட்டினால் அதைப் பற்றிப் பேசவும் நேரம் ஒதுக்குங்கள்; நேரமில்லையென்றால் வேறு காட்சியைத் தேடுங்கள்.

கடைசியாகப் பதிப்புரிமை. 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பவற்றை லாப நோக்கமற்ற பள்ளிகள் பாடத்துக்குப் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தோம் என்பதைக் குறிப்பிட வேண்டும். சந்தா கட்டிப் பார்க்கும் தளங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. பயிற்சித் தாளின் அடியில் காணொளியின் தலைப்பையும் அதை வெளியிட்டவர் பெயரையும் மாணவர்களையே தமிழில் எழுதச் சொல்கிறேன். கொரியப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுத அவர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்!