வேங்கை டம்ளரும் நிறுத்திய மாத்திரையும்

"டாக்டர், ரெண்டு மாசமா மாத்திரையே போடல. இதுலதான் தண்ணி குடிக்கிறேன்." பையிலிருந்து வேங்கை மர டம்ளரை எடுத்துப் பெருமையோடு மேசையில் வைத்தார் பெரியவர். அன்று காலை வெறும் வயிற்றுச் சுகர் 280.

சித்த மருத்துவம் பார்க்கும் எனக்கு வேங்கை மேல் தனி மரியாதை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் 30 மீட்டர் வரை வளரும் மரம். பட்டையில் கத்தி பட்டால் இரத்தம் மாதிரி பால் கசியும். காய்ந்த பிசினை வாயில் போட்டால் நாக்கைச் சுருட்டி இழுக்கும் துவர்ப்பு. அதனால்தான் கழிச்சலுக்கும் பல்வலிக்கும் அதைக் கொடுத்தார்கள். மரத்தின் நடுவிலிருக்கும் வைரக் கட்டையை நீரில் ஊறவைத்தால் டீ நிறம் இறங்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் நீலம் மினுங்கும். பலரும் மயங்குவது அந்த நீலத்தில்தான்.

சுகரைக் குறைக்கும் குணம் வெறும் கதையும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரத்தில் 97 பேரில் 67 பேருக்குச் சுகர் கட்டுக்குள் வந்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் புதிதாக நோய் தெரியவந்தவர்கள். கொடுத்ததும் நாளுக்கு 2 முதல் 4 கிராம் என்று அளந்த சாறு. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை.

டம்ளரில் அந்த அளவு எங்கே? புதிதில் தண்ணீர் அடர்ந்து இறங்கும், போகப்போக வெளிறிவிடும். பெரியவரின் டம்ளரில் நிறமே இல்லை. அடியில் கரும்பச்சையாய்ப் பூஞ்சை. காயவைக்காமல் ஈரத்தோடு கவிழ்த்தால் அப்படித்தான்.

குடிக்க ஆசையா, சரி. மாத்திரையை நிறுத்தாதீர்கள், உங்கள் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சுகர் அளவுக்கு மீறி இறங்கலாம். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. இன்சுலின் போடுபவர்கள் வேங்கையை நம்பி அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

பெரியவர் பழைய மாத்திரைக்குத் திரும்பினார். அடுத்த மாதம் 140. "டம்ளர் என்னாச்சு?" என்றேன். பேரன் பென்சில் போட்டு வைத்திருக்கிறானாம்.