எஃப்ஐஆரில் எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள்

2024 ஜூலை 1-ஆம் தேதி மூன்று சட்டங்கள் ஒரே நாளில் மாறின. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. வழக்கறிஞர்களான நாங்கள் பி.என்.எஸ். என்போம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.), சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (பி.எஸ்.ஏ.) வந்தன. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் பி.என்.எஸ்.ஸில் 358 ஆகச் சுருங்கின. குற்றங்களில் பெரும்பகுதி பழையவைதான், எண்கள்தான் இடம்மாறியிருக்கின்றன. சிக்கலும் அங்கேதான்.

செயின் பறிப்பு வழக்கில் மகன் கைதான ஒரு அம்மா எஃப்ஐஆர் நகலோடு வந்தார். "பிரிவு 304-னு போட்டிருக்கு சார். போன்ல தேடினா ஆயுள் தண்டனைனு வருது. யாரும் சாகலையே?" அவர் போனில் பார்த்தது பழைய 304, கொலை ஆகாத மரணம் விளைவிக்கும் குற்றம். நகலில் இருந்தது பி.என்.எஸ். 304, அதாவது பறிப்பு. அதிகபட்சம் மூன்று ஆண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் எந்தச் சட்டம் என்று எழுதியிருப்பதை அவர் கவனிக்கவே இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 144 என்றால் தடை உத்தரவு, 302 என்றால் கொலை என்று சொல்லியே வளர்ந்த ஊர் இது. இப்போது பி.என்.எஸ்.எஸ். 144 என்பது மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம். தடை உத்தரவு 163-க்குப் போய்விட்டது. கொலைக்கான தண்டனை பி.என்.எஸ். 103. மோசடி 318(4). 420 என்ற எண்ணே பி.என்.எஸ்.ஸில் கிடையாது, திட்டுவதற்கு மட்டும் மிச்சம்.

வழக்கறிஞர்களையும் இது விடவில்லை. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு. இப்போது பி.என்.எஸ்.எஸ்.ஸில் 482 முன்ஜாமீன், ரத்து மனு 528. முன்ஜாமீனுக்கான பழைய 438-இல் இன்று சீராய்வு, அதாவது கீழ்க்கோர்ட் உத்தரவை மேல்கோர்ட் பரிசீலிப்பது, உட்கார்ந்திருக்கிறது.

அடிதடி வழக்கென்றால் நம் ஊர் எஃப்ஐஆர்களில் 294(பி) (ஆபாசமாகத் திட்டுவது), 323 (காயம்), 506(2) (கொலை மிரட்டல்) மூன்றும் வரிசையாக நிற்கும். அதே புகாருக்கு இப்போது 296(பி), 115(2), 351(3). புது எண்களைப் பார்த்ததும் பெரிய வழக்காகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைச் சம்பவம் நடந்த தேதிதான் முடிவு செய்யும். புகார் கொடுத்த தேதி அல்ல. 2022-இல் போலிப் பத்திரம் காட்டிப் பணம் பறித்தவர் மீது இன்று புகார் கொடுத்தாலும் குற்றப்பிரிவு பழைய 420-தான். எஃப்ஐஆர் பதிவாவது மட்டும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-இல். குற்றம் நடந்தபோது சட்டம் விதித்திருந்ததைவிட அதிகத் தண்டனை தரக்கூடாது என்று அரசியலமைப்பின் 20(1) சொல்கிறது. விபத்து வழக்குகளில் இது நேரடியாகத் தெரியும். கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிர் போனால் பழைய 304ஏ-வில் அதிகபட்சம் 2 ஆண்டு, பி.என்.எஸ். 106(1)-இல் 5 ஆண்டு. 2024 ஜூன் 30 இரவு பதினொன்றரைக்கு நடந்த விபத்துக்கு ஒரு கணக்கு, நள்ளிரவு தாண்டி நடந்ததற்கு வேறு கணக்கு. டிரைவர்கள் பயந்து கேட்கும் பத்து ஆண்டு, தகவல் சொல்லாமல் தப்பி ஓடுவதற்கான 106(2). லாரி ஓட்டுநர்கள் போராடியதால் மத்திய அரசு அதை ஜூலை 1-இல் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

மறுஒழுங்கால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். பல பிரிவுகளில் சிதறிக் கிடந்த வரையறைகள் இரண்டாம் பிரிவில் ஒரே இடத்துக்கு வந்தன. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்கள் ஐந்தாம் அத்தியாயத்தில் சேர்ந்தன. ஆனால் ஒழுங்குபடுத்தும்போது விட்டுப்போனதும் உண்டு. இயற்கைக்கு மாறான உடலுறவு பற்றிய பழைய 377 முழுதாகவே போய்விட்டது. வயது வந்த ஆண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானால், அதற்கென்று நேரடியான பிரிவு இன்று இல்லை. சாதாரணக் காயம், சட்டவிரோதச் சிறைவைப்பு என்று சுற்றி வளைத்துத்தான் வழக்கு போட வேண்டும். இதை அச்சுப்பிழை போல எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள காவல் நிலையம் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். "அந்த லிமிட்டுக்குப் போங்க" என்ற பதில் செல்லாது. எஃப்ஐஆர் நகல் இலவசம். புகார் வந்தது என்பதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து மாதக்கணக்கில் இழுத்தடித்தால் கேளுங்கள்: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு நடத்தும் முதல்கட்ட விசாரணைக்கே 14 நாள்தான் அவகாசம். பதிவு செய்யவே மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மின்னணு முறையில் புகார் அனுப்பியவர்கள் மூன்று நாளுக்குள் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "ஆன்லைன்ல கொடுத்துட்டேனே சார்" என்று பத்து நாள் கழித்து வருகிறவர்கள் தவறவிட்டது பெரும்பாலும் இந்தக் கையெழுத்தைத்தான்.