எரிந்த டயர் மண்ணில் விட்டுச் செல்வது

1983 அக்டோபர் 31 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வின்செஸ்டர் நகருக்கு அருகே, சுமார் 70 லட்சம் பழைய டயர்கள் கொட்டிக் கிடந்த ஒரு சரிவில் தீப்பிடித்தது. கொழுந்துவிட்ட தீ சில நாட்களில் கட்டுக்குள் வந்துவிட்டாலும், குவியலின் அடியில் கனன்றுகொண்டிருந்தது அடங்க ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆயின. மாசடைந்த இடங்களுக்கான தேசியப் பட்டியலிலிருந்து அந்த நிலம் நீக்கப்பட்டதோ 2005-ஆம் ஆண்டில்தான். தீயை அணைக்க ஒன்பது மாதம், மண்ணைத் தேற்ற இருபது ஆண்டு என்னும் இந்தக் கணக்குக்குக் காரணம் டயருக்குள்ளேயே இருக்கிறது.

இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரிப்பொடி, ரப்பரை இளக்குவதற்கான பெட்ரோலிய எண்ணெய், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, எஃகுக் கம்பி ஆகிய எல்லாம் சேர்ந்ததே டயர். குவியலின் மேற்புறத்தில் காற்று கிடைப்பதால் ரப்பர் எரிகிறது. வெப்பம் மட்டும் புகுந்து காற்று போதாமல் போகும் உட்புறத்திலோ, அது எரியாமலே சிதைந்து வாயுவாகவும் கரியாகவும் கருநிற எண்ணெயாகவும் பிரிகிறது. ஒரு கார் டயரிலிருந்து இப்படி ஏறத்தாழ 7 லிட்டர் எண்ணெய் வடியக்கூடும். தண்ணீரைப் பீய்ச்சினால், எரிந்து தீர்ந்திருக்க வேண்டிய எண்ணெய் குளிர்ந்து தங்கிவிடுவதோடு, அந்தத் தண்ணீரிலேயே ஏறி ஓடைக்கும் போய்ச் சேர்கிறது. சில டயர் தீக்களைத் தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே எரியவிடுவது இதனால்தான். வின்செஸ்டரில் மட்டும் 25 லட்சம் லிட்டருக்கும் அதிகமான எண்ணெய் சேகரிக்கப்பட்டது.

ஆகவே துப்புரவில் முதல் வேலை மண்ணைத் தொடுவதல்ல, எண்ணெயை மறிப்பது. சரிவின் கீழே வாய்க்கால் வெட்டி, குழியில் தேக்கி, தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கிறார்கள். அடுத்து வருவது கம்பி. ரப்பர் போன பிறகு எஃகுக் கம்பிகள் துருப்பிடித்த சிக்குமுடிபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பொக்லைனின் பற்கள் ஓரிடத்தில் பிடித்து இழுத்தால் சுற்றிலும் உள்ள சாம்பலும் கரியும் சேர்ந்து எழும்பி வரும்.

அதன் பிறகே மண். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, வெவ்வேறு ஆழங்களில் மாதிரி எடுத்து, மாசு எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். பென்சீன் போன்ற இலகுவான சேர்மங்கள் மழைநீரோடு நிலத்தடி நீரை நோக்கி இறங்குகின்றன. ஆறு கார்பன் அணுக்கள் வட்டமாகக் கோத்த பென்சீன் வளையங்கள் பல ஒட்டிய கனமான ஹைட்ரோகார்பன்கள் நீரில் அநேகமாகக் கரைவதில்லை. மண்ணிலுள்ள மக்கிய பொருளையும் களிமண் துகள்களையும் பற்றிக்கொண்டு மேலடுக்கிலேயே நின்றுவிடுகின்றன. புற்றுநோயை உண்டாக்கும் பென்சோபைரீன் இந்த இனத்தைச் சேர்ந்தது. மாசு நுண்துகள்களிலேயே பெரும்பாலும் ஒட்டியிருப்பதால், மணல் மிகுந்த மண்ணை நீரில் அலசி, மணலைத் தனியே பிரித்து மீட்டுவிடலாம். களிமண் நிலத்தில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை.

எண்ணெயில் ஊறிய மண்ணைச் சுழலும் உலையில் சில நூறு டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், ஹைட்ரோகார்பன்கள் ஆவியாகி வெளியேறும். அந்த ஆவியைத் தனியே பிடித்து எரித்துவிடலாம். வேகமான வழி, ஆனால் எரிபொருள் செலவு அதிகம். மலிவான வழி, மண்ணைக் குவித்து, ஈரமும் காற்றும் தழை, மணிச் சத்துகளும் கொடுத்து, மண்ணிலேயே வாழும் பாக்டீரியாக்களிடம் வேலையை ஒப்படைப்பது. இரண்டு வளையம் கொண்ட நாப்தலீனை அவை சில வாரங்களில் தின்று முடிக்கும். ஐந்து வளையம் கொண்ட பென்சோபைரீனிடம் வரும்போது திணறுகின்றன. ஆண்டுகள் கழிந்தும் அதில் ஒரு பங்கு மீந்திருக்கும். இயற்கையே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வளையக் கணக்கைக் கவனிப்பது நல்லது.

துத்தநாகத்தின் கதை வேறு. அது தனிமம், எந்த உலையாலும் எந்தப் பாக்டீரியாவாலும் அதை இல்லாமலாக்க முடியாது. டயரில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே இருக்கும் துத்தநாகம், ரப்பர் எரிந்து போன பின் சாம்பலில் செறிந்து நிற்கிறது. மண் அமிலத்தன்மை அடைந்தால் கரைந்து நகரத் தொடங்குகிறது. எனவே செறிவு மிகுந்த சாம்பலைத் தோண்டி எடுத்து, கசிவு தடுக்கப்பட்ட குப்பைக் கிடங்குக்கு அனுப்புகிறார்கள். எஞ்சிய மண்ணில் சுண்ணாம்பு கலந்து துத்தநாகத்தைக் கரையவிடாமல் கட்டிப்போடுகிறார்கள். அதன்மேல் மழைநீர் இறங்காதபடி களிமண் மூடியும் புல்லும் போடுகிறார்கள். இது அகற்றுவதல்ல, அடைத்துவைப்பது. மூடியில் விரிசல் விழாமல் பார்த்துக்கொள்ளவும், சுற்றியுள்ள கிணற்று நீரைச் சோதிக்கவும் ஆள் வேண்டியிருக்கும். வின்செஸ்டர் சரிவிலும் எண்ணெயை அள்ளியதோடு வேலை முடிந்துவிடவில்லை. அங்கிருந்து வழிந்த நீரைத் தேக்கி, அதிலுள்ள உலோகங்களை நீக்கிய பிறகே கீழேயுள்ள ஓடைக்கு விட வேண்டியிருந்தது.