பிக்கப் மாற்றுவதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்

எலக்ட்ரிக் கிட்டார்களைப் பழுதுபார்ப்பதும் செட்டப் செய்து கொடுப்பதும் என் தொழில். பட்டறை சென்னையில். வருகிறவர்கள் பெரும்பாலும் கிட்டாரோடு ஒரு தீர்ப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். "அண்ணா, இது பாஸ்வுட் பாடி, டோனே வராது, நல்ல பிக்கப் வாங்கிட்டேன், போட்டுக் கொடுங்க" என்பது நான் அடிக்கடி கேட்கிற பேச்சு. பாஸ்வுட் என்பது பாடி செய்கிற ஒரு மரம், பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்புக்கு (ஒலிபெருக்கிக்கு) அனுப்புகிற காந்தச் சுருள். கையில் புதுப் பெட்டி இருக்கும், கிட்டாரிலோ பல மாதம் மாற்றாத கம்பி துருவேறிக் கிடக்கும். கல்லூரியில் படிக்கிற பையன் சேர்த்து வைத்த காசு அப்படித் தவறான இடத்தில் போவதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. எதை முதலில் பார்ப்பது, எதற்குக் காசு போடுவது, எதற்குப் போடக் கூடாது என்று எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

பிக்கப்புக்குக் காது கிடையாது. காந்தத்தைச் சுற்றி, 0.063 மில்லிமீட்டர் தடிமனே உள்ள செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள், ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், வகையில் ஏறத்தாழ 8,000 சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மரம் காற்றில் எழுப்புகிற ஓசை அதற்கு எட்டாது. அகூஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலம் சுற்றிய கம்பியை எலக்ட்ரிக்கில் மாட்டிப் பாருங்கள், ஒரு கம்பி ஓங்கி ஒலிக்கும், பக்கத்துக் கம்பி அமுங்கிப் போகும். வெண்கலம் பிக்கப்புக்குத் தெரிவதில்லை, உள்ளே இருக்கும் எஃகு மட்டுமே தெரிகிறது.

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் சொல்கிற வேலை இல்லை. வரலாற்றையே பாருங்கள். ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கி, ரிக்கன்பேக்கர் 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஃப்ரையிங் பேன்' என்ற எலக்ட்ரிக் கிட்டார் முழுக்க அலுமினிய வார்ப்பு. 1950களில் டான்எலக்ட்ரோ மேசனைட் அட்டையில் பாடி செய்து விற்றது. 1969இல் ஆம்பெக் நிறுவனத்துக்காக டான் ஆர்ம்ஸ்ட்ராங் வடிவமைத்த கிட்டாரின் பாடி கண்ணாடி போன்ற அக்ரிலிக். 1954இல் வந்த ஸ்ட்ராட்டுக்கு முதலில் ஆஷ் மரம்தான், 1956லிருந்து பெரும்பாலும் ஆல்டர். ஆஷ் மரத்தில் பெயின்ட் அடிப்பதற்கு முன் துளைகளை அடைக்க வேண்டும், ஆல்டரில் அந்தப் பாடு குறைவு, கிடைப்பதும் எளிது. ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ பழுதுபார்ப்பவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. தொழிற்சாலைக் கணக்கில் செய்த தேர்வுக்கு எழுபது வருஷம் கழித்து நாம் 'பளிச்சென்ற மிட்ரேஞ்ச்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மரத்தில் நான் கவனிக்கச் சொல்வது நெக், அதாவது ஃப்ரெட் என்கிற உலோகக் கோடுகளைப் பதித்த நீண்ட கழுத்து. பாடியைவிட மெல்லியது, நீளமானது, எனவே கம்பியோடு சேர்ந்து அதிக ஆட்டம் போடுவதும் அதுதான். நெக் தானாக அதிர்கிற அதிர்வெண்ணில் ஒரு சுரம் விழுந்துவிட்டால் கம்பியின் ஆற்றலை அது உறிஞ்சிக்கொள்ளும், மற்ற சுரங்கள் நின்று ஒலிக்க அந்த ஒன்று மட்டும் சட்டென்று செத்துப்போகும். பேஸ் கிட்டாரில் ஜி கம்பியின் ஐந்தாவது, ஆறாவது ஃப்ரெட் பக்கம் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். கடையில் கிட்டாரை ஆம்பில் சொருகும் முன், ஒவ்வொரு கம்பியிலும் ஃப்ரெட் ஃப்ரெட்டாக அழுத்தி, எந்தச் சுரமாவது அற்பாயுசில் போகிறதா என்று கேளுங்கள். ஒரே மாடலில், ஒரே மரத்தில் செய்த இரண்டு கிட்டார்களில்கூட இது மாறும். எனவே மரத்தின் பெயரைப் படித்துப் பயனில்லை, கையில் எடுத்து வாசித்தால்தான் தெரியும்.

அப்புறம் எடை. நான்கு கிலோவைத் தாண்டிய கிட்டாரைத் தோளில் மாட்டி இரண்டு மணி நேரம் நின்று வாசித்துப் பாருங்கள், மரத்தைப் பற்றிய உண்மையான வித்தியாசம் முதுகில் தெரியும். அதோடு ஈரப்பதம். மரம் நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து சதவீதத்தில் நிம்மதியாக இருக்கும். சென்னைக் காற்றில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல், ஏசி அறைக்குள் போனால் சடாரென்று குறையும். ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டு சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுவது அதனால்தான். ஏசி காற்று நேராகப் படுகிற சுவரில் கிட்டாரை மாட்டாதீர்கள், வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வையுங்கள்.

ரோஸ்வுட் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இது நம் மலைக்காட்டு விஷயம். உலகம் முழுக்க ஃப்ரெட்போர்டுக்குப் போகிற இந்திய ரோஸ்வுட் நாம் ஈட்டி, தோதகத்தி என்று சொல்கிற மரம், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. 2017 ஜனவரியில் இந்த மரப் பேரினம் முழுவதும் சைட்டஸ் என்ற சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, 2019 நவம்பரில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட் கதை வேறு: 1992 முதல் அது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, அந்த விலக்கும் அதற்குக் கிடையாது. "பிரேசிலியன் போர்டு" என்று யாராவது காகிதம் இல்லாமல் விற்க வந்தால் விலகிவிடுங்கள். ஒன்று பொய்யாக இருக்கும், இல்லாவிட்டால் சட்டச் சிக்கலாக இருக்கும்.

சரி, பிக்கப்புக்கு வருவோம். 'அவுட்புட்' என்று பெட்டிமேல் கிலோஓம் கணக்கு போட்டிருப்பார்கள், 8 கே, 14 கே, 16 கே என்று. அந்த எண் செப்புக் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். இன்னும் மெல்லிய கம்பியால் சுற்றினால் அதே எண்ணிக்கைச் சுற்றுக்கு எண் ஏறிவிடும், சத்தம் ஏறாது. செப்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும் என்பதால், 22 டிகிரி ஏசி அறையில் மல்டிமீட்டரில் 7.6 காட்டுகிற பிக்கப், 36 டிகிரி மதியத்தில் என் மேஜையில் 8.0 காட்டும். ஒரே பிக்கப்! இரண்டு பிக்கப்புகளை 0.3 கிலோஓம் வித்தியாசத்துக்காக ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒலியின் நிறத்தைத் தீர்மானிக்கிற எண் இண்டக்டன்ஸ், அதாவது சுருளின் மின்தூண்டல் திறன், ஹென்றி அளவில் சொல்வது. பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்பில் 2.4 ஹென்றி போல இருக்கும், 1957இல் கிப்ஸன் போட ஆரம்பித்த சேத் லவர் வடிவமைத்த, இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பாணியில் 4.4 போல. இதோடு கேபிளின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டம் தேக்கும் திறன்) சேரும்போது, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி மேடு எழுந்து, அதற்கு மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்படும். கணக்குப் போட்டே பார்க்கலாம். மீட்டருக்கு 150 பிகோஃபாரட் உள்ள கேபிளில், பிக்கப்பின் உள்ளேயே இருக்கிற சுமார் 120 பிகோஃபாரட்டையும் சேர்த்தால், 3 மீட்டருக்கு ஸ்ட்ராட் பிக்கப்பின் மேடு சுமார் 4,300 ஹெர்ட்ஸில் நிற்கும், ஹம்பக்கருடையது சுமார் 3,200இல். அதே ஸ்ட்ராட்டில் 6 மீட்டர் கேபிளைச் சொருகுங்கள், மேடு 3,200க்கே இறங்கிவிடும். கேபிளை மாற்றினால் ஸ்ட்ராட் ஹம்பக்கராக ஆகிவிடாது, மற்ற குணங்கள் வேறு. ஆனால் 'பளபளப்பு போதவில்லை, பிக்கப் சரியில்லை' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேபிள் எவ்வளவு நீளம் என்று கேட்பது இதற்காகத்தான்.

வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கிற மாறு மின்தடை, நாங்கள் 'பாட்' என்று சொல்வது, அதுவும் இதில் சேர்த்தி. ஸ்ட்ராட் போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு, அதாவது சிங்கிள் காயிலுக்கு, 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே என்பது வழக்கம். மலிவான 'பாட்'களில் இருபது சதவீதம் கூடக் குறைய இருக்கும், 500 என்று அச்சடித்தது 400 காட்டினால் ஒலி மங்கும், பிக்கப் மேல் பழி விழும். விலை உயர்ந்த 'விண்டேஜ்' டோன் கெபாசிட்டர்களைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வாங்காதீர்கள். மதிப்பு ஒன்றாக இருந்தால் சாதாரணமானதும் அதே வேலையைச் செய்யும்.

ஆனால் இத்தனையையும்விடப் பெரிய மாற்றம் வருவது இரண்டு திருகாணிகளில். ஒருவர் ஸ்ட்ராட் கொண்டுவந்தார். தடித்த ஈ கம்பியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் சுரம் இரண்டாகப் பிளந்து அலையடிக்கிறது, ட்யூனரில் முள் நிற்கவே மாட்டேன் என்கிறது. கம்பிகள் பாடியில் தங்குகிற பிரிட்ஜை மாற்றிப் பார்த்திருக்கிறார், பாடி மரம் மட்டம் என்று முடிவுகட்டி வேறு பாடி தேடிக்கொண்டிருக்கிறார். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு கம்பிக்கும் நெக் பிக்கப்பின் காந்தத்துக்கும் இடையே ஸ்கேலை வைத்தேன். ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஸ்ட்ராட்டில் துருவமாக நிற்பதே காந்தம், அவ்வளவு கிட்டே வந்தால் கம்பியைப் பிடித்து இழுக்கும், கம்பி சீராக ஆட முடியாது. தடித்த பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர் வருமாறு பக்கவாட்டுத் திருகாணிகளை இறக்கினேன். அலையும் போயிற்று, சுரம் நின்று ஒலித்தது, கோர்டு வாசித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. அவர் தேடிய 'திறந்த' ஒலி அந்த மட்டமான மரத்திலேயே இருந்தது.

இதை வீட்டிலேயே செய்யலாம். முதலில் கம்பியை மாற்றுங்கள். கடலோர ஊரில் நிக்கல் பூசிய கம்பி சில வாரத்திலேயே மங்கிவிடும், மங்கிய கம்பிமேல் எந்தச் சோதனையும் செல்லாது. பிறகு மேலே சொன்ன அளவில் தொடங்கி, கால் சுற்று கால் சுற்றாக ஏற்றி இறக்கிக் கேளுங்கள். ஹம்பக்கராக இருந்தால் பிரிட்ஜ் பக்கம் 1.6, நெக் பக்கம் 2.4 மில்லிமீட்டரில் ஆரம்பிக்கலாம். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக பிக்கப் மாற்றுங்கள், நானே மாற்றித் தருகிறேன்.

இரண்டு கிட்டார்களை ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் விழிப்பாக இருங்கள். எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்ல ஒலி என்று காது சொல்லும். எல்லோருடைய காதும் சொல்லும், அனுபவசாலியின் காதும்தான். எனவே அதே ஆம்ப், அதே கேபிள், அதே கம்பி அளவு, சத்தத்தைச் சமப்படுத்திக்கொண்டு, நண்பரை வாசிக்கச் சொல்லி நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். கடையில் ஒன்றில் புதுக்கம்பியும் இன்னொன்றில் பல மாதக் கம்பியும் இருந்தால் ஒப்பீடே வேண்டாம்.

கடைசியாக, இரைச்சல். "ஹம் தாங்க முடியல, நாய்ஸ்லெஸ் பிக்கப் போடணும்" என்று வருகிறவர்கள் பலர். சிங்கிள் காயிலில் கொஞ்சம் ஹம் இயல்பு, நம் ஊரில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், மலிவான எல்இடி அடாப்டர் பக்கத்தில் இருந்தால் கூடும், கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் குறையும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா, அதுவும் இயல்புதான். ஆனால் கம்பியைத் தொடும்போது சுள்ளென்று இருக்கிறது, மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் கிட்டாரைக் கழற்றுவதே இல்லை. வீட்டு பிளக் பாயின்டைப் பற்றித்தான் கேட்பேன்.

கிட்டார் கம்பி பிரிட்ஜ் வழியாக, கேபிளின் வெளிச்சுற்று வழியாக ஆம்பின் இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. அந்தப் பெட்டி பிளக்கின் மூன்றாவது பின் வழியாகத்தான் பூமியோடு சேர்கிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகினாலோ, சாக்கெட்டில் எர்த் வயரே இழுக்காமல் விட்டிருந்தாலோ, ஆம்பில் கசிவு வந்தால் அது பூமிக்குப் போகிற வழி உங்கள் கையும் உதடும்தான். வெளிநாட்டிலிருந்து 110 வோல்ட் ஆம்ப் கொண்டுவந்து ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுகிறவர்கள் இன்னும் கவனம், அதில் பலவற்றில் வெளிவாயில் இரண்டு துளைதான் இருக்கும். ஸ்டோன் தி க்ரோஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்ஸி மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் இசைக்குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார், அங்கேயும் எர்த்திங்தான் சரியில்லை.

ஹம் குறைகிறது என்று எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். மேடைக்குப் போனால் ஆம்பும் மிக்ஸரும் ஒரே லைனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பாடத் தொடங்கும் முன் மைக்கின் வலையைக் கிட்டார் கம்பியால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், கையால் கம்பியையோ இரும்பு பாகத்தையோ தொடாமல், மரத்தைப் பிடித்துக்கொண்டு. பொறி வந்தால் வாசிக்க வேண்டாம். வீட்டில் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லி, அதையும் போட்டுவிடுங்கள். ஒரு நல்ல பிக்கப் செட்டுக்குக் கொடுக்கிற காசைவிடக் குறைவாகவே ஆகும்.