குறையுள்ள பூனைக்கு வீடு தேடும்போது சொல்ல வேண்டியவை

கால் ஊனமான பூனையின் படத்தைப் போட்டு, "பாவம், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் அன்றே பலர் கேட்டு வருவார்கள். கால்நடை மருத்துவராக நான் பார்த்தவரையில், அப்படி இரக்கத்தின் வேகத்தில் போன பூனைகள் பல, சில வாரங்களில் மீட்டவரிடமே திரும்பி வந்துவிடுகின்றன. எடுத்தவரைக் குறை சொல்வதற்கில்லை. தினமும் செய்ய வேண்டிய வேலை என்னவென்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், பெரிதாக எந்தத் தொந்தரவும் தராத பூனைகள், பார்வைக்குக் கோணலாகத் தெரிவதாலேயே ஆண்டுக்கணக்கில் காப்பகக் கூண்டில் கிடக்கின்றன.

சிறுமூளை வளர்ச்சிக் குறைபாடு இதற்கு நல்ல உதாரணம். சினையாக இருக்கும் பூனையை, பூனைகளுக்கு வரும் கொடிய தொற்றான பான்லூகோபீனியாவின் வைரஸ் தாக்கினால், வயிற்றில் உள்ள குட்டிகளின் சிறுமூளை முழுதாக வளராமல் போகலாம். அந்தக் குட்டிகள் நடக்கத் தொடங்கும்போது கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடும். கிண்ணத்தை நோக்கிக் குனிந்தால் தலை ஆடும். வலிப்பு என்றும், வெறிநோய் என்றும் அஞ்சி இவற்றை ஒதுக்குகிறார்கள். ஆனால் இந்தத் தள்ளாட்டத்தால் பூனைக்கு வலி கிடையாது, நாளாக ஆக அது முற்றுவதும் இல்லை, மற்றப் பூனைகளுக்குத் தொற்றுவதும் இல்லை. கவிழாத கனமான கிண்ணம், வழுக்காத விரிப்பு, விளிம்பு தாழ்ந்த மணல் தட்டு, பால்கனிக்கு வலை ஆகியவை இருந்தால், குறைபாடு மிதமாக உள்ள பூனை மற்றப் பூனைகளைப் போலவே முழு ஆயுள் வாழும்.

பார்வையற்ற பூனைக்கும் மூன்று கால் பூனைக்கும் தேவைப்படுவது இன்னும் குறைவு. முன்னதற்குச் சாமான்களை அடிக்கடி இடம் மாற்றக் கூடாது. பின்னதற்கு எடை கூடக் கூடாது. இரண்டையும் தெருவில் விடக் கூடாது.

வைரஸ் தொற்றுள்ள பூனைகள் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். 1986-இல் கலிஃபோர்னியாவில் கண்டறியப்பட்ட எஃப்.ஐ.வி. (பூனைகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வைரஸ்) மனிதர்களுக்குத் தொற்றாது, பூனைகளுக்கிடையே பெரும்பாலும் சண்டையில் ஏற்படும் ஆழமான கடிக்காயம் வழியாகவே பரவுகிறது. ஆகவே கருத்தடை செய்யப்பட்ட, சண்டைக்குப் போகாத எஃப்.ஐ.வி. பூனை வீட்டுக்குள் பல ஆண்டுகள் நலமாக இருக்க முடியும். பூனைகளுக்கு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எஃப்.இ.எல்.வி. வைரஸ் அப்படியல்ல. அது எச்சில் வழியாக, ஒன்றையொன்று நக்குவதாலும் ஒரே கிண்ணத்தில் உண்பதாலும் பரவும், ஆயுளையும் குறைக்கும். வேறு பூனை இல்லாத வீட்டுக்கு மட்டுமே, இதையெல்லாம் விளக்கிச் சொல்லிய பிறகு, அதைக் கொடுக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எஃப்.ஐ.வி. சோதனையில் 'பாசிட்டிவ்' வந்தால், அது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். ஆறு மாதம் கடந்து மறுசோதனை செய்யாமல் அக்குட்டிக்கு முத்திரை குத்துவது அநியாயம்.

உண்மையிலேயே கடினமானது, வண்டியில் அடிபட்டோ மாடியிலிருந்து விழுந்தோ முதுகெலும்பு பாதிக்கப்பட்ட பூனை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்வது அதற்கு ஒரு பெரிய சிக்கல் இல்லை. வீட்டுக்குள் அது வேகமாகவே ஓடும். சிக்கல் சிறுநீர்ப்பையில் இருக்கிறது. நரம்பு வேலை செய்யாததால், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வயிற்றை மென்மையாக அழுத்திச் சிறுநீரை வெளியேற்றியாக வேண்டும். படுத்த இடம் நனைந்திருப்பதைப் பார்த்து, தானாகவே சிறுநீர் கழிக்கிறது என்று பலர் நிம்மதியடைகிறார்கள். பெரும்பாலும் அது நிரம்பிய பை வழிவதுதான். அப்படியே விட்டால் கிருமித் தொற்றும், நனைந்த தோலில் புண்ணும் வரும். அழுத்தியும் சிறுநீர் வரவில்லையென்றால் வலுவைக் கூட்டாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும், ஏனென்றால் அடைப்பு இருக்கும்போது பை கிழிந்துவிடக்கூடும். இந்தக் கைப்பழக்கம் காணொளி பார்த்து வருவதில்லை. எடுத்துக்கொள்பவர் மருத்துவமனைக்கு வந்து, தம் கையாலேயே செய்து பழகிய பிறகுதான் பூனையை ஒப்படைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வால் இழுபட்டு நரம்பு காயப்பட்ட பூனைகளில், சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடுவதால், அதுவரை நிரந்தரக் குறை என்று விளம்பரம் செய்யாமல் பொறுத்திருப்பது நல்லது.

மீட்பவர்கள் பூனையோடு ஒரு தாளும் கொடுக்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, நேரம், மாதச் செலவு, கடைசிச் சோதனை முடிவு, தடுப்பூசி நாள் இவையெல்லாம் அதில் இருக்கட்டும். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், இன்னமும் அப்படிக் கொடுத்துவிட்டுத் தூக்கி வருகிறார்கள். எடுப்பவரிடம் நான் தவறாமல் கேட்கச் சொல்லும் கேள்வி, "பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இதை யார் செய்வார்கள்?" என்பது. பதில் உடனே வராத வீடு தள்ளுபடியாக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோ தம்பியோ வந்து கற்றுக்கொள்ளும் வரை பூனை மீட்டவரிடமே இருக்கட்டும். முடியாமல் போனால் தம்மிடமே திருப்பித் தரலாம் என்று மீட்டவர் அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அதன் கீழே சேர்த்துவிடலாம்.