முயல் கடித்துக் குதறினால் அது நல்ல பொம்மை

“ராத்திரியெல்லாம் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கிறது, பசியா டாக்டர்?” முயல் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தட்டைப் பார்த்தால் பெல்லட் (கடையில் வாங்கும் குச்சித் தீவனம்) பாதி அப்படியே கிடக்கும். அதற்குப் பசி இல்லை, வேலைதான் இல்லை. இரண்டடிக் கூண்டில் கடிப்பதற்குக் கம்பி மட்டுமே இருந்தால் முயல் கம்பியைத்தான் கடிக்கும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் முன்பல் கோணிக்கொள்ளும், ஈறு புண்ணாகும், கடைசியில் தீனியை வாயில் எடுக்கவே முடியாமல் போகும்.

வெள்ளையோ சாம்பலோ, வீட்டில் வளரும் முயல்கள் எல்லாமே ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் குழிமுயலின் வாரிசுகள். மண்ணைத் தோண்டி வளை அமைத்து, கூட்டமாக வாழ்ந்து, அந்தி சாய்ந்ததும் வெளியே வந்து விடியும்வரை புல் மேயும் பிராணி அது. (நம் வயற்காட்டில் ஓடும் காட்டுமுயல் வேறு இனம். அது வளை தோண்டாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.) தோண்டுவது, கடிப்பது, நுழைவது, தூக்கி எறிவது, தேடித் தின்பது என்ற இந்த ஐந்து வேலைகளும் அதன் உடம்பில் ஊறியவை. இதில் ஒன்றையாவது செய்ய வைப்பதுதான் பொம்மையின் வேலை. கடையில் கிடைக்கும் வண்ணப் பிளாஸ்டிக் பந்துகளில் பல இதில் எதையும் செய்ய வைப்பதில்லை. பழைய கொரியர் பெட்டி நான்கைச் செய்ய வைக்கும்.

முதலில் பல்லைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையைக் கழற்றிவிட வேண்டும். முயலுக்கு 28 பற்கள், எல்லாமே ஆயுள் முழுக்க வளர்பவை. முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மி.மீ. வளர்கிறது. “அதனால்தான் கடிக்கக் கட்டை போட்டிருக்கிறோமே” என்பார்கள். முன்பற்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று உரசித்தான் தேய்கின்றன. உயிரைப் பறிக்கும் கோளாறு வருவது உள்ளே இருக்கும் கடைவாய்ப் பல்லில். அதைத் தேய்ப்பது புல் மட்டுமே. புல்லில் உள்ள, மணல்போலச் சொரசொரப்பான சிலிகாவும், தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி அரைக்கும் அசைவும் சேர்ந்துதான் அது நடக்கிறது. பெல்லட் இரண்டு கடியில் நொறுங்கிவிடும். கேரட்டும் அப்படியே. அதனால் நல்ல பொம்மை என்றால் கூடுதலாக நாலு வாய் புல் தின்ன வைக்கும் பொம்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புல் என்றதும் இணையத்தில் திமோத்தி என்ற வெளிநாட்டுப் புல்லைத் தேடி விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அருகம்புல், கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், மாட்டுக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் நிழலில் பரப்பி, தினம் இரண்டு முறை புரட்டி, பச்சை நிறம் முழுதும் போகாமல் காயவைத்தால் போதும். கையில் எடுத்தால் சரசரக்க வேண்டும், பூஞ்சை வாடை வரக்கூடாது. நாளொன்றுக்கு முயலின் உடம்பளவுக்கு ஒரு குவியல். நெல் வைக்கோல் படுக்கைக்குப் பரவாயில்லை, சாப்பாட்டுக்குச் சத்துப் போதாது. பெல்லட் எடைக்கணக்கில் கிலோவுக்கு 25 கிராம் போதும். 2 கிலோ முயலுக்கு 50 கிராமுக்கு மேல் போட்டால் புல்லைத் திரும்பிப் பார்க்காது. முருங்கை, அகத்தி, குதிரைமசால் இவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முயல் தின்ற சுண்ணாம்பில் தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். தினம் கட்டுக்கட்டாகப் போட்டால் மூத்திரப் பையில் மாவுபோலச் சேறு படியும். வளர்ந்த முயலுக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒரு கைப்பிடி, அவ்வளவே.

இனி பொம்மைக்கு வருவோம். சமையலறையிலும் கொல்லையிலும் கிடைப்பதே முக்கால்வாசி போதும்.

கொரியர் பெட்டியில் நெளி அட்டைப் பெட்டிதான் வேண்டும், பளபளப்பான மேல்பூச்சு உள்ளது வேண்டாம். 2 கிலோ முயலுக்கு 45 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் இருந்தால் உள்ளே நீட்டிப் படுக்கலாம். செலோ டேப்பை ஒரு துணுக்கு விடாமல் உரிக்க வேண்டும். முகவரி ஒட்டிய வழவழப்பான சீட்டையும் அட்டையோடு சேர்த்து வெட்டி எடுத்துவிடுங்கள். சூட்டில் எழுத்து விழும் காகிதம் அது, வயிற்றுக்குள் போகத் தேவையில்லை. ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் 15 செ.மீ. அகலத்தில் இரண்டு வாசல். இரண்டு ஏன் என்றால், ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் இன்னொரு முயலோ குழந்தையின் கையோ நுழைந்தால் தப்ப வழியில்லாமல் முயல் மிரண்டு கடிக்கும். பெட்டியின் அடி அட்டையை முழுதாக வெட்டிவிட்டு, வெட்டிய பக்கம் தரையில் படும்படி வையுங்கள். அடி அட்டை இருந்தால் சிறுநீரில் ஊறி இரண்டே நாளில் நாறும். அந்த அமோனியா நெடிதான் சளிக்கும் கண் எரிச்சலுக்கும் ஆரம்பம். ஒரு வாரத்தில் வாசலைக் கடித்துப் பெரிதாக்கி, சுவரைக் கிழித்து, பெட்டி உருத்தெரியாமல் போயிருக்கும். “நல்ல பெட்டியைப் பாழாக்கிவிட்டது” என்று கோபிக்காதீர்கள், அதற்காகத்தான் வைத்தோம்.

கிழித்த அட்டையைத் துப்புகிறதா விழுங்குகிறதா என்று முதல் இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். தரையில் துணுக்குகள் சிதறிக் கிடந்தால் சரி. பெட்டி குறைகிறது, துணுக்கைக் காணோம் என்றால் விழுங்குகிறது. பெரும்பாலும் புல் போதவில்லை என்றுதான் அர்த்தம். பெட்டியை எடுத்துவிட்டுப் புல்லை இரட்டிப்பாக்குங்கள்.

அட்டைக் குழாய் அடுத்தது. அலுமினியத் தாள் சுற்றி வரும் குழாய், சமையலறைக் காகிதச் சுருளின் நடுக்குழாய் எதுவானாலும் 10 செ.மீ. துண்டாக வெட்டி, நீளவாக்கில் ஒரு கோடு முழுக்கக் கீறிவிட வேண்டும். இந்தக் கீறலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் கீரைக்காகத் தலையை நுழைத்து, எடுக்கத் தெரியாமல், குழாயோடு பின்னால் பின்னால் போய்ச் சுவரில் மோதும். கீறியிருந்தால் குழாய் விரிந்து தலை வந்துவிடும். சுற்றிலும் 2 செ.மீ. துளைகள் நாலைந்து போட்டு, காய்ந்த புல்லை இறுக்கமில்லாமல் திணித்து, நடுவில் இரண்டு கொத்தமல்லித் தண்டு வையுங்கள். முதல் மூன்று நாள் இரு முனையும் திறந்தே இருக்கட்டும். பிடிபட்டதும் ஒரு முனையை மடியுங்கள், பிறகு இரண்டையும். முதல் நாளே இரண்டு பக்கமும் அடைத்துக் கொடுத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும், நாம் அதற்கு அறிவில்லை என்போம்.

தென்னை ஓலைப் பந்து நம் ஊருக்கே உரிய வசதி. பிள்ளைகளுக்குப் பின்னிக் கொடுக்கும் அதே பந்துதான். பச்சைக் கீற்று நாலு எடுத்து ஈர்க்கை முழுவதும் உரித்துவிடுங்கள், முயலின் அண்ணத்தில் குத்துவது ஈர்க்குதான். கொஞ்சம் தொளதொளவென்று பின்னினால் இடுக்கில் புல்லைச் செருகலாம். முயல் பல்லால் கவ்வித் தலையை ஒரு வெட்டு வெட்டி வீசும், ஓடிப்போய் மறுபடி கவ்வும். பனை ஓலைக் கிலுகிலுப்பையும் நன்று, சாயம் தோய்க்காதது என்றால். உள்ளே இருக்கும் கல்லைக் கொட்டிவிட்டு நாலு பெல்லட் போடுங்கள். ஓலை வெட்டும் முன் மரத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். தென்னைக்கு வேர் வழியாகப் பூச்சிமருந்து கட்டும் வழக்கம் உண்டு. கட்டிய மரத்தில் ஒன்றரை மாதத்துக்குக் காயே பறிக்கக்கூடாது, ஓலை மட்டும் எப்படிச் சரியாகும்?

தோண்டுவதற்கு ஒரு பழைய பிளாஸ்டிக் பேசின், 15 செ.மீ. ஆழம் போதும். பழுப்புக் காகிதப் பையைப் பட்டை பட்டையாகக் கிழித்து, காய்ந்த புல்லும் கொய்யா இலையும் கலந்து நிரப்பி, அன்றைய பெல்லட்டில் பத்தை எண்ணி அடியில் ஒளித்து வையுங்கள். தட்டில் போட்டால் ஐந்து நிமிடத்தில் தீரும் தீனி இங்கே அரைமணி நேரம் வேலை வாங்கும். செய்தித்தாளைத் தவிர்க்கலாம். அச்சு மை உணவில் ஒட்டும் என்று நாம் வடை மடிக்கவே வேண்டாம் என்கிறார்கள். தேங்காய்நார்க் கழிவுக் கட்டி வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் பல மடங்கு உப்பும், வயிற்றுக்குள்ளும் உப்பும். டீக்கடைக் காகிதக் கப்பும் அட்டை மாதிரித் தெரியும், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு. கடை முட்டை அட்டையில் கோழி எச்சம் ஒட்டியிருக்கும்.

கட்டித் தொங்கவிட நைலான் கயிறு கூடாது. சணல் என்றால் முகர்ந்து பாருங்கள், மண்ணெண்ணெய் வாடை அடித்தால் நூற்கும்போது தடவிய எண்ணெய் அது. எல்லாவற்றையும்விடப் பூக்காரம்மா வைத்திருக்கும் வாழைநார் மேல். தண்ணீரில் நனைத்துக் கட்டினால் முடிச்சு இறுகும், கடித்துத் தின்றாலும் கெடுதியில்லை. கொய்யா, மல்பெரிக் குச்சிகளை விரல் தடிமனில் ஒரு சாண் நீளம் வெட்டி, கழுவி, நாலு நாள் வெயிலில் காயவைத்து, மூன்றைச் சேர்த்து இந்த நாரால் கட்டி முயலின் மூக்கு உயரத்தில் தொங்கவிடலாம். மாங்குச்சியில் பால் வடியும், வாய் வெந்துவிடும். அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குரோட்டன்ஸ் எல்லாம் விஷம். பிளைவுட் துண்டில் பசை, பழைய நாற்காலிக் காலில் பெயின்ட்.

வெயில் காலத்துக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வொயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்ப்பது கொடைக்கானல் மலையில் மன்னவனூரில். அதே இரத்தம் ஓடும் முயலைச் சென்னையில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் வைத்துவிட்டு, சித்திரையில் ஃபேன் போட்டிருக்கிறோம் என்கிறோம். முயலுக்கு வியர்க்காது, அதனால் வெறும் ஃபேன் காற்றால் பெரிய பயன் இல்லை. உடம்புச் சூட்டை அது காது வழியாகத்தான் விடும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். வாய் 18 செ.மீ.க்குக் குறையாத, மெருகு பூசாத மண்பானை ஒன்றை வாங்கி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, பக்கவாட்டில் சாய்த்து, உருளாமல் இருபுறமும் செங்கல் வையுங்கள். மேலே ஈரக் கோணியைப் போர்த்தி அதன்மேல் ஃபேன் காற்றுப் படட்டும். அதுவே வளை, அதுவே குளிர்சாதனம். வாய் விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் செங்கல்லால் தேய்த்துவிடுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் சாய்ந்துகொள்ளும். மூச்சு வாங்கினால் ஈரக்கையால் காதைத் தடவுங்கள், குளிர்ந்த நீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும்.

எந்தப் பொம்மையையும் மத்தியானம் கொடுத்துவிட்டு “விளையாடவே மாட்டேன் என்கிறது” என்று முடிவு கட்டக்கூடாது, அது தூங்கும் நேரம். மாலை ஆறு மணிக்கு வையுங்கள். முதலில் மூக்கை நீட்டி, பின்னங்காலை எடுக்காமல் உடம்பை மட்டும் இழுத்து முகரும். பிறகு முகவாயை அதன்மேல் தேய்க்கும். தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியின் வாசனையைப் பூசி “இது என்னுடையது” என்று எழுதுகிற எழுத்து அது. தேய்த்துவிட்டால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஒரே நேரத்தில் மூன்று போதும், மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி வையுங்கள். வெளியே விடும்போது மின்வயரை மூட மறக்காதீர்கள். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி வயரின்மேல் மாட்டினால் போதும்.

கடைசியாகப் புழுக்கை. காலையில் கூண்டைக் கூட்டும்போது எண்ணிக்கையையும் அளவையும் பார்ப்பது எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததில்லை. கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, உடைத்தால் உள்ளே புல் தூள் தெரிந்தால் சரி. மிளகளவுக்குச் சிறுத்தாலோ, முடியால் கோத்த மணிமாலைபோல வந்தாலோ வயிறு மெதுவாகிறது. அன்றே எல்லாப் பொம்மைகளையும் எடுத்துவிட்டுப் புல்லும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் நாளைவரை காத்திருக்க நேரமில்லை. முயலால் வாந்தி எடுக்க முடியாது, சிக்கியது வெளியே வர வேறு வழியே கிடையாது. வீட்டில் இருக்கிறதே என்று அமாக்ஸிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றிவிட்டுக் கொண்டுவருகிறார்கள். வாய்வழியாகக் கொடுத்தால் அது முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, சில நாளில் முயலையும் கொல்லக்கூடும். உண்ணிக்கு நாய்க்குத் தடவும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலைக் கொல்லக்கூடும். மருத்துவரிடம் போகும்போது கடைசியாகக் கடித்த பொம்மையின் மிச்சத்தையும், கிடைத்த புழுக்கையையும் ஒரு பொட்டலத்தில் கட்டி எடுத்துப் போங்கள்.