நுரை கட்டியதும் ஏன் இறக்க வேண்டும்?

வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “எனக்கு மட்டும் இரண்டு தம்ளர் மிளகு ரசம் வைத்துக்கொள்கிறேன். காரம் உறைக்கிறது, புளிப்பும் உப்பும் சரியாக இருக்கின்றன, ஆனால் மணமே இல்லை. நுரை கட்டியதும் இறக்கிவிடு என்று அம்மா போனில் சொல்கிறார். ஏன் என்று கேட்டால், அது அப்படித்தான் என்கிறார்.”

காரம் இருக்கிறது, மணம் இல்லை என்று அவர் பிரித்துச் சொல்லியிருப்பதிலேயே பாதி விடை வந்துவிட்டது. மிளகின் காரமும் மிளகின் மணமும் வெவ்வேறு பொருள்களிலிருந்து வருகின்றன. காரத்தைத் தருவது பிப்பரின். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை 1820இல் கண்டறிந்த டென்மார்க்கின் ஆர்ஸ்டெட்தான், அதற்கு முந்தைய ஆண்டு இந்தப் பிப்பரினையும் மிளகிலிருந்து பிரித்தெடுத்தார் என்பது பள்ளிப் புத்தகங்கள் சொல்லாமல் விட்ட சுவையான செய்தி. பிப்பரின் படிகமாகும் பொருள், எளிதில் ஆவியாகாது, அடுப்பில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பெரும்பாலும் பாத்திரத்திலேயே கிடக்கும். மணத்தைத் தருபவையோ பைனீன், லிமோனீன், கேரியோஃபிலின் போன்ற எண்ணெய்ப் பொருள்கள். அவை காற்றில் பறந்து மூக்கை எட்டினால்தான் மணம் என்ற ஒன்றே உண்டு. அரைத் தேக்கரண்டி மிளகு ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும் என்று கொண்டால், அதில் பிப்பரின் சுமார் 50 மில்லிகிராமும், மண எண்ணெய் 10 முதல் 30 மில்லிகிராமும் இருக்கும். அந்தச் சொட்டு எண்ணெயைக் காப்பாற்றுவதுதான் ரசம் வைக்கும் கலை.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழலாம். லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ். சீரகத்தின் மணத்துக்குக் காரணமான குமினால்டிஹைடின் கொதிநிலை 230ஐத் தாண்டுகிறது. ரசமோ 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. அப்படியிருக்க, இவை எப்படி ஆவியாகி ஓடிப்போகும்?

இந்தக் கேள்விக்கான விடை நீலகிரியில் தைலம் காய்ச்சும் ஒவ்வொருவருக்கும் தெரியும். யூக்கலிப்டஸ் இலையில் உள்ள சினியோலும் ஏறக்குறைய 176 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனாலும் இலையைப் பெரிய கொப்பரையில் அடைத்துத் தண்ணீரோடு காய்ச்சினால், வெறும் நீராவியின் வெப்பத்திலேயே தைலம் முழுவதும் ஆவியோடு கிளம்பி வந்து, குளிர்ந்த குழாயில் இறங்கிவிடுகிறது. ஒரு திரவம் கொதிக்க வேண்டுமானால் அதன் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்ட வேண்டும். தண்ணீரில் கலந்து கரையாத எண்ணெய், தண்ணீரைக் கண்டுகொள்ளாமல் தன் பங்குக்குத் தனியே ஆவியழுத்தத்தைக் கொடுக்கிறது. தண்ணீர் தன் பங்கைக் கொடுக்கிறது. இரண்டும் கூட்டாகக் காற்றழுத்தத்தை எட்டினால் போதும், எண்ணெய் தன் கொதிநிலையின் பக்கமே போகாமல் ஆவியாகப் புறப்பட்டுவிடுகிறது. ரசத்தில் உள்ள எண்ணெய் மிகச் சொற்பம்தான். ஆனால் தண்ணீருக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லாததால், அடியிலிருந்து எழும் நீராவிக் குமிழி ஒவ்வொன்றுக்குள்ளும் அது விருப்பத்தோடு நுழைந்துகொள்கிறது; குமிழி மேலே வந்து உடைந்ததும் வெளியேறிவிடுகிறது. தளதளவென்று கொதிக்கும் ரசத்தில் நிமிடத்துக்கு எத்தனை குமிழிகள் இந்தச் சுமையைத் தூக்கிச் செல்கின்றன என்று அடுப்பருகில் நின்று பார்த்தாலே நடப்பது புரியும். ரசம் கொதிக்கும்போது தெருமுனை வரை மணக்கிறது என்று நாம் பெருமைப்படுகிறோம். தெருமுனைக்குப் போன மணம் தம்ளருக்குத் திரும்பி வராது.

பின் எதற்குக் கொதிக்கவே விட வேண்டும் என்றால், அதற்கும் இதே இயக்கம்தான் காரணம். நம் வீட்டு முறையில் ரசத்துக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் புளிக்கரைசலில் தக்காளி, உப்பு, மஞ்சள்தூள் சேர்த்துப் பச்சை வாசனை போகும் வரை நன்றாகக் கொதிக்க விடுகிறோம். புளியின் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலம் ஆவியாகாது, அதனால் கொதிப்பதில் புளிப்புக்கு நட்டமில்லை. பச்சை வாசனை தரும் இலேசான பொருள்களோ நீராவியோடு ஓடிவிடுகின்றன. வேண்டாத மணத்தை விரட்டும் கட்டம் இது. இரண்டாவது கட்டத்தில் தட்டிய மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றைப் போட்டு, பருப்புத் தண்ணீர் விட்டு விளாவுகிறோம். இப்போது பாத்திரத்தில் இருப்பது வேண்டிய மணம். முதல் கட்டத்தில் திறந்துவைத்த கதவை இங்கே சாத்தியாக வேண்டும். விளாவுவதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது: கொதிக்கிற ஒரு தம்ளர் புளித்தண்ணீரில், 30 டிகிரியில் இருக்கும் ஒரு தம்ளர் பருப்புத் தண்ணீரைச் சேர்த்தால் கலவை ஏறக்குறைய 65 டிகிரிக்கு இறங்கிவிடும். அங்கிருந்து மெல்ல ஏறி, கொதிநிலையைத் தொடுவதற்குள் இறக்கிவிட வேண்டும். வெப்பமானி இல்லாத அடுப்பங்கரையில் அந்தத் தருணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நுரைதான் வெப்பமானி. சூடேறும்போது தண்ணீரில் கரைந்திருந்த காற்று முதலில் சிறு குமிழிகளாகப் பிரிகிறது. பிறகு பாத்திரத்தின் அடியில் நீராவி மணிகள் தோன்றுகின்றன. வெறும் தண்ணீரில் இவை மேலே வந்ததும் உடைந்துவிடும். பருப்புத் தண்ணீரில் புரதமும் சபோனின் என்னும் சோப்புக் குணமுள்ள பொருளும் இருப்பதால், அவை குமிழியைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்து அதை உடையாமல் காக்கின்றன. முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளை வளையமாகக் கட்டி, பிறகு நடுவை நோக்கி நகர்ந்து மேற்பரப்பை மூடி, மஞ்சள் படர்ந்த அந்த நுரை சற்றே உப்பி எழுகிறதே, அதுதான் கொதிப்பதற்கு முந்தைய அறிகுறி. அதற்கு மேல் விட்டால் பெரிய குமிழிகள் நடுவில் கிளம்பி நுரையைக் கிழித்துவிடும். பருப்பே போடாத மிளகு ரசத்தில் நுரை குறைவாகத்தான் கட்டும். அங்கே ஓரத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஒருவருக்கோ இருவருக்கோ ரசம் வைக்கும்போது இது ஏன் அதிகமாகத் தவறுகிறது என்பது எளிய கணக்கு. இரண்டு தம்ளர், அதாவது 400 மில்லி ரசத்தை 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாணலியில் வைத்தால் அதன் ஆழம் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு பாத்திரத்தில் வைத்தால் ஐந்து சென்டிமீட்டர். மணம் தப்பிச் செல்லும் மேற்பரப்பு இரண்டாவதில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கவனம் பிசகி 100 மில்லி தண்ணீர் சுண்டிப்போனால், எட்டுப் பேருக்கான இரண்டு லிட்டர் ரசத்தில் அது தெரியவே தெரியாது. 400 மில்லியில் கால்வாசி போய் உப்புக் கரித்துவிடும். ஈயச் செம்பின் பெருமையில் ஒரு பங்கு அதன் குறுகிய வாய்க்கு உரியது என்றே நான் கருதுகிறேன். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் அதை வெறுமையாக அடுப்பில் ஏற்றக் கூடாது. உள்ளே தண்ணீர் இருக்கும் வரை ஆபத்தில்லை. ஆனால் காரீயம் கலந்த செம்பில் புளியை ஊற்றினால் நஞ்சு கரையும். கலப்படமில்லாதது என்ற உறுதி இல்லையென்றால், வாய் குறுகிய எவர்சில்வர் பாத்திரமே மேல்.

தாளிப்பைக் கடைசியில் கொட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். பெருங்காயத்தின் கந்தகச் சேர்மங்களும் சீரகத்தின் மணமும் நெய்யில் நன்றாகக் கரைபவை. நெய்ச்சொட்டுகள் அவற்றைப் பிடித்துவைத்து, வாய்க்குள் போன பிறகு விடுவிக்கின்றன. கொட்டியவுடன் மூடிவிட வேண்டும். கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுவதும் அப்போதுதான்.

இனி, குடித்தவுடன் கிடைக்கும் அந்த ஆறுதல். நாக்கிலும் தொண்டையிலும் மூக்கிலும் உள்ள நரம்பு முனைகளில், சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் திறக்கும் டிஆர்பிவி1 என்னும் புரத வாயில் இருக்கிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் மிளகாயின் காரப்பொருளைக் கொண்டு இதைக் கண்டுபிடித்தனர். 2021இன் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. பிப்பரினும் இதே வாயிலைத் திறக்கும். அமிலம் அதை இன்னும் எளிதாகத் திறக்க வைக்கும். சூடு, மிளகு, புளி என்று மூன்று சாவிகளையும் ஒரே தம்ளரில் வைத்துத் தருகிறது ரசம். மூக்கில் நீர் ஒழுகுவதும் நெற்றி வியர்ப்பதும் இதனால்தான். மூக்கடைப்பில் மணம் தெரியாமல் போனாலும் காரம் தெரிவதற்குக் காரணம், அது முகர்வு நரம்பு வழியாகச் செல்லாமல் முகத்தின் முப்பெரு நரம்பு வழியாகச் செல்வதே.

அதற்காக ரசம் கிருமியைக் கொல்லும் என்று சொல்லக் கூடாது. 2020இல் அப்படிச் சொல்லிப் பரவிய செய்திகளைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008இல் சளி பிடித்த 30 பேரிடம் ஒரு பழச்சாற்றுப் பானத்தைச் சோதித்தார்கள். சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டை வலி, குளிர், சோர்வு உள்ளிட்ட தொல்லைகள் உடனே தணிந்ததாகத் தோன்றியது. ஆனால் மூக்கு வழியாகச் செல்லும் காற்றின் அளவை அளந்தபோது அதில் மாற்றம் இல்லை. எளிமையான, நேர்மையான ஆய்வு. மிளகு ரசத்துக்கும் இப்படி ஒன்றைச் செய்யப் பெரிய பணம் தேவைப்படாது. மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்கு அதற்கான திறமை நிச்சயம் உண்டு. பாட்டி வைத்தியத்தைப் புகழும் மேடைகளுக்குச் செலவாவதில் ஒரு சிறு பங்கை, பாட்டி சொன்னதைச் சோதிப்பதற்கு ஒதுக்கினால் நான் மகிழ்வேன்.

வாசகிக்கு இன்னும் ஒரு குறிப்பு. பிப்பரின் தண்ணீரில் அதிகம் கரையாது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் கரைந்தால் உண்டு. சூட்டில் சற்றுக் கூடும் என்றாலும், நாம் போட்ட மிளகின் காரத்தில் பெரும்பகுதி அடியில் தங்கும் மண்டியிலும் மேலே மிதக்கும் நெய்யிலும்தான் இருக்கும். ஆகவே சளி பிடித்திருக்கும் நாளில் கரண்டியால் அடிவரை கலக்கி ஊற்றிக்கொள்ளுங்கள். வயிறு எரிச்சலாக இருக்கும் நாளில், இறக்கிவைத்துப் பத்து நிமிடம் மூடியே வைத்திருந்து, தெளிவை மட்டும் இறுத்துக் குடியுங்கள்.